அறிவினாவும் அறியாவினாவும்: நேர்காணல் அச்சம் குறித்துச் சில சொற்கள்

போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களின் தொகை நம் பகுதியில் ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடி, பத்மநேரி என எந்த ஊருக்குச் சென்றாலும், நூலகத்தின் ஒரு மூலையில் பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் சிலர் எழுத்துத் தேர்வில் வென்றும் விடுகிறார்கள். வாழைத் தோட்டத்தில் கூலிக்கு உழைக்கும் தந்தைக்கும், பீடி சுற்றும் தாய்க்கும் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை அது. தெருவே மகிழ்கிறது. ஆனால் நேர்காணலுக்கான அழைப்பு வந்த நாள் முதல் அந்தப் பிள்ளைக்கு உறக்கம் இல்லை. ஆறு மணி நேரம் அசையாமல் அமர்ந்து தேர்வெழுதக் கூடியவர், அரை மணி நேரம் நான்கு பேர் முன்னே அமர வேண்டும் என்றவுடன் கலங்கிப் போகிறார்.

இந்தக் கலக்கத்துக்கு மருந்து என்று சந்தையில் விற்கப்படுவன பல. ஆளுமை வளர்ச்சி வகுப்புகள், தன்னம்பிக்கைப் பேச்சுகள், கழுத்துப்பட்டை கட்டும் முறை, கைகுலுக்கும் முறை, புன்னகையின் அளவு ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் பெரும்பாலானவை அச்சத்தை அந்தப் பிள்ளையின் குணக்குறையாகக் கருதுகின்றன. 'உன்னிடம் நம்பிக்கை இல்லை, வரவழைத்துக்கொள்' என்பதே அவற்றின் சாரம். நம் கருத்து வேறு. நேர்காணல் அச்சத்துக்குக் குறிப்பான காரணங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி நியாயமானதும்கூட. எஞ்சிய பகுதி பயிற்சியின்மையால் வருவது. பயிற்சியின்மையைப் பயிற்சியால்தான் போக்க முடியும். அறிவுரையால் போக்க முடியாது.

அச்சம் வெறும் மனமயக்கமன்று

முதலில் நியாயமான பகுதியைப் பார்ப்போம். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275. நம் மாநிலத் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வில் எழுத்துக்கு 750, நேர்காணலுக்கு 100. மேலோட்டமாகப் பார்த்தால் நேர்காணலின் பங்கு சிறிதே. ஆனால் அந்த நிலை வரை வந்தவர்களிடையே எழுத்துத் தேர்வு மதிப்பெண் வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே ஓரிரு ஆண்டு உழைப்பின் விளைவை அரை மணி நேரம் மாற்றி எழுதிவிடக் கூடும். இதை அறிந்த பிள்ளை அஞ்சாமல் இருந்தால்தான் வியப்பு.

நேர்காணலின் அதிகாரத்தை நீதிமன்றங்களும் ஐயத்தோடுதான் பார்த்திருக்கின்றன. நம் மாநில மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், 275 மதிப்பெண்ணில் 75 மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்கியது மிகை என்று 1970இல் உச்சநீதிமன்றம் கருதியது. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ மூன்று நிமிடமே நேர்காணல் நடந்தது என்பதையும், அதற்குள் ஒருவரின் திறனை மதிப்பிடுவது அரிது என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. பத்தாண்டுகள் கழித்து, 1980இல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், பெற்றோர் யார், வீடு எங்கே என்பன போன்ற கேள்விகளே கேட்கப்பட்டன என்பது மாணவர்களின் முறையீடு. மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நன்று என்றும் கூறியது. 1985இல் அரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில் இந்த அளவு மேலும் குறுக்கப்பட்டது.

பெற்றோர் யார், வீடு எங்கே என்ற கேள்விகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'களக்காடா? எந்தத் தெரு?' என்று தனியார் நிறுவன நேர்காணலில் கேட்கப்படுவதை நம் மாணவர்கள் வந்து சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் மாவட்டத்தில் அந்தக் கேள்வி அஞ்சல் முகவரியை அறிவதற்காகக் கேட்கப்படுவதன்று. 'திருமணத்திற்குப் பிறகு வேலையை விட்டுவிடுவீர்களா?' என்ற கேள்வியும் அத்தகையதே. அது ஆண்களிடம் கேட்கப்படுவதில்லை. இவற்றை எதிர்பார்த்துச் செல்லும் பிள்ளையிடம் 'அச்சப்படாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புவது பொறுப்பான செயலாகாது.

பவணந்தியார் வகுத்த ஆறு வினாக்கள்

எஞ்சிய பகுதிக்கு வருவோம். நன்னூல் சொல்லதிகாரத்தில் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. பள்ளியில் படித்த அனைவருக்கும் இது தெரியும். மாநிலத் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பகுதிக்காக இதை மனப்பாடம் செய்து, சரியான விடையைக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டு வந்த பிள்ளைகளே நேர்காணலுக்கும் செல்கிறார்கள். ஆயினும் அங்கே தம்மை நோக்கி வரும் வினா இவற்றுள் எது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிந்திருக்கிறாரா என அறியும் பொருட்டுக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அது. பதினைந்து, பதினாறு ஆண்டுக் கல்வியில் நம் பிள்ளை எதிர்கொண்ட வினாக்கள் அனைத்தும் இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. கேட்பவரிடம் சரியான விடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நாம் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், தவறினால் தண்டனை. இந்தப் பழக்கத்தோடு நேர்காணல் அறைக்குள் செல்பவருக்கு எல்லா வினாவும் அறிவினாவாகவே கேட்கும். 'இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?' என்றால், அதற்கும் குழுவினர் மனத்தில் ஒரு சரியான விடை ஒளிந்திருப்பதாக எண்ணி அதைத் தேடத் தொடங்குவார். தேடியது அகப்படாதபோது நா உலரும்.

உண்மையில் அது அறியாவினா. அந்த விடை கேட்பவருக்குத் தெரியாது. உலகில் அதை அறிந்தவர் ஒருவரே. அவர் எதிரே அமர்ந்திருக்கும் விண்ணப்பதாரர். 'உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதும் பெரும்பாலும் அவ்வாறே. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் ஏற்பட்டது என்று குழுவினர் குறிப்பேட்டில் படித்திருக்கலாம். காப்பகத்தின் ஓரத்தில் வாழை பயிரிடுபவர், காட்டுப்பன்றி புகுந்த மறுநாள் காலையில் தோட்டத்தில் நின்று என்ன எண்ணுவார் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தக் காடு இல்லாவிட்டால் பச்சையாற்றில் நீர் இல்லை என்பதையும், அந்தப் பன்றியால் தன் தந்தையின் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழியும் என்பதையும் ஒருங்கே அறிந்தவர் அந்தப் பிள்ளைதான். அவ்விரண்டையும் ஐந்து வாக்கியத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டால், அந்த ஐந்து வாக்கிய நேரத்துக்கு அறையில் ஆசிரியர் இடத்தில் இருப்பவர் அவரே.

ஆகவே பயிற்சியின் முதற்படி வினாவை இனங்காண்பது. ஒரு தாளில் எதிர்பார்க்கும் வினாக்களை எழுதி, ஒவ்வொன்றும் அறிவினாவா அறியாவினாவா என்று குறித்துப் பார்க்கட்டும். பாடம், சட்டம், புள்ளிவிவரம் ஆகியவற்றைப் பற்றியவை அறிவினாக்கள். அவற்றுக்குத் தெரிந்தால் விடை. தெரியாவிட்டால் 'தெரியவில்லை ஐயா' என்ற ஒரு சொல். அதற்குமேல் அங்கே நாடகம் தேவையில்லை. நேர்காணலின் பெரும்பகுதி அறியாவினாக்களால் ஆனது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். அச்சத்தில் பாதி அப்போதே குறையும்.

விடையையும் பவணந்தியார் எட்டாகப் பகுத்திருக்கிறார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை. முன்னே சொன்ன திருமண வினாவுக்கு, 'விடமாட்டேன்' என்பது மறை. 'என் தாயார் திருமணத்திற்குப் பின்னும் இருபது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்' என்பது இனமொழி. இரண்டாம் விடை கேட்டவரைப் புண்படுத்தாது. கேட்ட வினாவின் கோணலையும் மெல்லக் காட்டிவிடும். தெருவைக் கேட்பவரிடம் 'பேருந்து நிலையத்துக்கு அருகில்' என்று சுட்டி நிறுத்திக்கொள்ளலாம். மேலும் துருவினால் 'இது பணிக்குத் தேவையான செய்தியா ஐயா?' என்று பணிவாகத் திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். அதற்கான துணிவு அந்த நொடியில் பிறக்காது. முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகியவருக்கே வாய்க்கும்.

அவையறிதலுக்குப் பின்னரே அவையஞ்சாமை

திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னதாக, 72ஆம் அதிகாரமாக அவையறிதல் நிற்கிறது. இந்த வரிசை தற்செயலானது என்று நாம் எண்ணவில்லை. அவையின் இயல்பை அறிந்தவனுக்கே அஞ்சாமை கைகூடும். மறுமொழி சொல்லும் ஆற்றலுக்காகவே அளவை நூலை முறையாகக் கற்க வேண்டும் என்ற கருத்தையும் வள்ளுவர் அவையஞ்சாமையில்தான் வைத்திருக்கிறார். அதாவது, அஞ்சாமையைப் பிறவிக் குணமாக அவர் கொள்ளவில்லை. கற்று அடைவதாகவே கொண்டிருக்கிறார்.

கற்க வேண்டியவை எவை? முதற்பாடநூல், தாம் நிரப்பிய விண்ணப்பப் படிவம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'நூல் வாசிப்பு' என்று எழுதியவரிடம் கடைசியாக வாசித்த நூல் எது என்று கேட்பார்கள். வாசிக்காதவர் அதை எழுதியிருக்கக் கூடாது. இரண்டாம் பாடநூல், தாம் பெற்ற பட்டம். தமிழ் படித்தவரிடம் 'தமிழ் படித்து என்ன பயன்?' என்று கேட்கப்படும். அதில் ஏளனம் இருப்பதாகக் கொண்டு சினக்க வேண்டியதில்லை. மூன்றாவது, தம் மாவட்டம். ஆப்பிரிக்க நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கும் பிள்ளைகள் பலருக்குப் பச்சையாறு எந்த ஆற்றில் சேர்கிறது என்று தெரியவில்லை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, 1876 முதலே அகழ்ந்து பார்க்கப்பட்ட ஆதிச்சநல்லூர், கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம் ஆகிய அனைத்தும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடக் கூடியவை. நேரில் பார்த்ததைச் சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு வரும். புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கும்போது அது வருவதில்லை.

நான்காவதே பயிற்சி. ஊரில் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி ஒருவர், வங்கியில் பணியாற்றிய ஒருவர், ஓர் ஆசிரியை என மூவர் கிடைக்காத ஊர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒரு மேசைக்குப் பின்னே அமரச் செய்து, அவர்கள் முன் அரை மணி நேரம் விடை சொல்ல வேண்டும். 'அண்ணாச்சி, சும்மா கேளுங்க' என்று சிரித்துக்கொண்டு செய்வதாக அது இருக்கக் கூடாது. கதவைத் தட்டி உள்ளே வருவதிலிருந்து விடைபெற்று வெளியேறுவது வரை முழுமையாகச் செய்ய வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து தாமே கேட்க வேண்டும். முதல் முறை கேட்பது துன்பமாகத்தான் இருக்கும். ஆறாம் முறைக்குள் அது பழகிய குரலாகிவிடும்.

அந்தப் பதிவைக் கேட்கும்போது நன்னூல் மீண்டும் கைகொடுக்கும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று அது சொல்பவற்றுள் பல நேர்காணல் விடைக்கும் ஆகாதவை. ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது குன்றக் கூறல். கேட்டது ஒன்றிருக்க அறிந்ததையெல்லாம் கொட்டுவது மிகைபடக் கூறல். மனப்பாடம் செய்த கட்டுரைக்குள் வினாவை இழுத்துச் செல்வது மற்றொன்று விரித்தல். உரத்த குரலில் தொடங்கி வாக்கியத்தின் பாதியில் குரல் தேய்ந்து முணுமுணுப்பாக முடிவது சென்று தேய்ந்திறுதல். நம் மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்தக் கடைசிக் குற்றமே. வாக்கியத்தைப் பயனிலையோடு, கேட்கும்படியாக முடிப்பதை மட்டும் இரண்டு வாரம் பழகினாலே பெரிய மாற்றம் தெரியும்.

உடலின் நடுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். நெஞ்சு படபடப்பதை முற்றிலும் அடக்கிவிட முயல்வது வீண். 2014இல் அமெரிக்க ஆய்வாளர் அலிசன் உட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சு போன்ற செயலுக்கு முன் 'அமைதியாக இரு' என்று தமக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் ஆர்வத்தோடு இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பது தெரியவந்தது. படபடப்பு இரண்டுக்கும் பொதுவானது. அதற்கு நாம் இடும் பெயரே வேறு. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கலைஞர் முதல் அடி எடுக்கும் முன் அவர் கையும் சற்று நடுங்கத்தான் செய்யும். அதை யாரும் குறையாகக் கொள்வதில்லை.

மொழி பற்றிய தாழ்வெண்ணம்

நம் பகுதி மாணவர்களின் அச்சத்தில் பெரும்பங்கு மொழியைப் பற்றியது. ஆங்கிலம் வராது என்பது ஒன்று. தமிழே நெல்லைத் தமிழாக வந்துவிடுமோ என்பது மற்றொன்று. குடிமைப் பணித் தேர்வை இந்திய மொழியொன்றில் எழுதியவர் நேர்காணலிலும் அதே மொழியைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது விதி. தமிழில் எழுதி, தமிழிலேயே விடை சொல்லிப் பணியில் சேர்ந்தவர்கள் உண்டு. பூங்கா நகரிலுள்ள மாநிலத் தேர்வாணையத்திலும் தமிழில் விடை சொல்வதற்குத் தடையில்லை. எழுத்துத் தமிழுக்கு நெருங்கிய பொதுத்தமிழில் பேசப் பழகுவது போதும். இடையிடையே ஊரின் ஓசை எழுந்தால் எழட்டும். சொல் தெளிவாக இருந்தால் ஓசை குற்றமாகாது.

தனியார் நிறுவனங்களின் நிலை வேறு. பல நிறுவனங்கள் ஆங்கிலத்தை எதிர்பார்க்கின்றன. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஆங்கிலத்தை ஒரு தொழிற்கருவியாகக் கற்க வேண்டும். தன் மதிப்பை அளக்கும் கோலாகக் கொள்ளக் கூடாது. தன்னைப் பற்றி, தன் படிப்பைப் பற்றி, தான் செய்த ஒரு வேலையைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் பத்துப் பத்து வாக்கியம் தானே ஆக்கிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். பிறர் எழுதிக் கொடுத்த அலங்கார வாக்கியம் ஒரு துணைக்கேள்வியில் சரிந்துவிடும்.

மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்கள்

இத்தனையும் விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை. தேர்ந்தெடுப்போருக்கும் கடமை உண்டு. திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்ற இரண்டு அதிகாரங்கள் அவர்களுக்கென்றே இருக்கின்றன. தற்கால ஆய்வும் இதில் தெளிவாக இருக்கிறது. அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் ஒழுங்குபடுத்திய நேர்காணலே பிற்காலப் பணித்திறனை ஓரளவு நன்றாகக் கணிக்கிறது. மனம்போன போக்கில் உரையாடி மதிப்பிடுவது அதில் பாதியளவுகூடக் கணிப்பதில்லை என்று சாக்கெட்டும் அவருடன் ஆய்ந்தோரும் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. 'ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்' என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பார்த்தவுடன் தெரிவன உடை, நிறம், உச்சரிப்பு ஆகியவை மட்டுமே.

அப்படியானால் நேர்காணலையே ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரு பகுதி ஒழிக்கப்பட்டும் இருக்கிறது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் இல்லை. நம் மாநிலத்தின் இரண்டாம் தொகுதித் தேர்விலும் 2024ஆம் ஆண்டு அறிவிக்கையில் நேர்காணல் இடம்பெறவில்லை. இவற்றை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். எழுத்தர் பணிக்கு எழுத்தும் கணக்கும் போதும். சிபாரிசுக்கான ஒரு வாசல் அடைபட்டது நல்லதே. ஆனால் வகுப்பறையில் நிற்கப் போகும் ஆசிரியரையும், மக்களின் குறை கேட்கப் போகும் கோட்டாட்சியரையும் ஒருமுறையேனும் பேசச் செய்து கேட்காமல் தேர்ந்தெடுப்பது சரியன்று. அத்தகைய பணிகளுக்கு நேர்காணல் இருக்கட்டும். குறைந்த மதிப்பெண்ணோடும், ஒரே வகை வினாக்களோடும், பதிவோடும் இருக்கட்டும்.

கல்லூரியில் தொடங்க வேண்டியது

இருபதாண்டுகளாகத் தமிழ் பயிற்றிவரும் நிலையில் நாம் உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்றுண்டு. கல்லூரி வகுப்பறையில் மூன்றாண்டுகளில் ஒரு முறைகூட முழு வாக்கியம் பேசாமல் பட்டம் பெற்றுச் செல்ல முடிகிறது. வருகைப் பதிவின்போது சொல்லும் 'உள்ளேன் ஐயா' மட்டுமே சில பிள்ளைகளின் குரலாக ஆசிரியர் செவிக்கு எட்டுகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் போன்றவை பயனுடையன. ஆயினும் பாடத்துக்கு வெளியே தனியாக நடக்கும் பயிற்சியால் மட்டும் இந்த மௌனம் கலையாது. பாடத்துக்குள்ளேயே பேச்சு வர வேண்டும். அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வுக்கு மாற்றலாம். வாரம் ஒரு பாடவேளையில் ஐந்து மாணவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் நின்று விடை சொல்ல, மற்றவர்கள் வினாத் தொடுக்கலாம். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் பத்து வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். மூன்றாண்டுகளில் எட்டுப் பத்து முறை அவையில் நின்றவர் ஆகிவிடுவார். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை, வெளியூர்ப் பேச்சாளர் வேண்டியதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. அங்கே தந்தை 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கிறார், பிள்ளை சொல்கிறது. அது ஓர் அறியாவினா. நம் பிள்ளைகளுள் பலரிடம் அந்த வினாவை முதன்முதலாகக் கேட்பவர், சென்னையில் ஒரு மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் அயலாராக இருக்கிறார். அதற்கு முன்னரே கேட்க வேண்டிய கடமை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உண்டு. இன்று மாலை வீட்டிலேயே அதைத் தொடங்கலாம். விடை குன்றக் கூறலாக இருந்தாலும் பொறுமையோடு முழுவதும் கேட்க வேண்டும்.